தூக்கிக் காட்டாத கார்பெட்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெர்லினில் கோப்பை கழுவினேன், பாரிஸில் மூட்டை தூக்கினேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. 1991இல் லண்டன் வந்து, தோர்ண்டன் ஹீத்தில் அடிபட்ட கார்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் சேர்ந்த பிறகுதான் கை ஒரு தொழிலில் படிந்தது. அந்தத் தொழில் பெருமையால் ஒரு குடும்பம் பட்டதைச் சொல்ல வேண்டும்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். இருவரையும் ஏஜென்ட் ஒருவர் மூலம் கூப்பிடும் காசுக்காகக் காரை விற்க இருந்தார். அந்த வாரம்தான் ஸ்ட்ரெதம் சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வான் இடித்தது.

திருத்தும் செலவை வான்காரரின் இன்சூரன்ஸ் ஏற்றது. ஆனால் அடிபட்ட கார் என்றால் எவ்வளவு திருத்தினாலும் விலை இறங்கும். அந்தக் குறைவையும் அவர்களிடம் கேட்கலாம் என்று ஒரு சொலிசிட்டர் சொல்ல, அண்ணை கடிதம் போட்டார்.

கார் எங்கள் கராஜுக்கு வந்தது. இரண்டு கிழமை அதோடு கிடந்தேன். டிக்கித் தரையை வெட்டி வெல்ட் வைத்தேன். பக்கத் தகட்டில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் பசை பூசித் தேய்த்தேன். பெயிண்டை மூன்று தரம் கலந்துதான் நிறம் பிடித்தது.

விலை குறையுமா என்று பார்க்க இன்சூரன்ஸ் எஞ்சினியர் வந்தபோது அண்ணை ஷிப்டில் இருந்தார். எஞ்சினியர் காரை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் திருத்தியது என்று என்னையே கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

“நோ டிஃபரன்ஸ், சேர். சேம் ஆஸ் நியூ.”

அதை அப்படியே எழுதிக்கொண்டார். டிக்கிக் கார்பெட்டை அவர் தூக்கவில்லை. அடியில் வெல்ட் தழும்பு கிடப்பது தெரிந்தும் நானும் தூக்கிக் காட்டவில்லை.

விலைக்குறைவு ஒன்றும் இல்லை, திருத்தியவரே ஒப்புக்கொண்டார் என்று அண்ணைக்குப் பதில் வந்தது.

கார் வாங்க வந்த வியாபாரி முதலில் தூக்கியது கார்பெட்டைத்தான். பிறகு துணி சுற்றிய காந்தத்தைப் பக்கத் தகட்டில் வைத்தார். ஃபில்லர் இருந்த இடத்தில் அது ஒட்டாமல் விழுந்தது. பேசிய விலையில் பெரிய துண்டை வெட்டினார். ஏஜென்ட் அவசரப்படுத்தியதால் அண்ணை கொடுத்துவிட்டார்.

எஞ்சினியரிடம் நான் சொன்னதை அண்ணையிடம் மறைக்கவில்லை.

“நீ நல்லாத்தான் செய்தனி, தம்பி. அதுக்கு உன்னை என்னெண்டு ஏசிறது?”

கிடைத்த காசு ஒரு ஆளுக்குத்தான் போதுமாக இருந்தது. மகள் தெரிந்த குடும்பம் ஒன்றோடு வந்தாள். தாய் வர மூன்று வருடம் ஆனது. அண்ணையிடம் கார் இல்லாததால் அவரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நான்தான் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஓட்டினேன். தாயைக் கண்டதும் பிள்ளை தகப்பனின் பின்னால் ஒளிந்துகொண்டது. பின்சீட்டில் தாயோடு இருக்க மறுத்து, முன்னால் என் பக்கத்தில் ஏறியது. அண்ணை அதட்டப் பார்த்தார்.

“விடுங்கோ,” என்றார் அந்த அம்மா. “பழகட்டும்.”

வீடு வரும்வரை பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை நான் பார்க்கவில்லை.

பிறகு பல கராஜ்கள் மாறினேன். எஞ்சினியர் யார் வந்தாலும் டிக்கியைத் திறந்து, அவர் கேட்கும் முன்பே கார்பெட்டைத் தூக்கிவிடுவேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வெட்டிய இடத்தை முதலில் காட்டுங்கள். உங்கள் வேலை நல்லது என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.