ரூபாய் பேசக் கூடாத வீடு

எங்கள் அக்காள் அவர்கள் கண்மூடிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: தம்பியாகிய நான், என் மனைவி செல்லம்மாள், அக்காளிடம் மாதச் சாப்பாடு சாப்பிட்டு வந்த கோவிந்தசாமி, மாரிமுத்து, யாழ்ப்பாணத்துச் சின்னத்தம்பி, அரிசிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே, அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா. யார் பெயரும் விட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன். விட்டுப்போயிருந்தால் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அக்காளின் முதலாண்டு நினைவுக்கு நன்றி சொல்ல இதை எழுதுகிறேன்.

அக்காள் பிறந்தது முசிறிக்கு அருகே ஒரு சிற்றூரில். எங்கள் அத்தானைக் கைப்பிடித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெலாப்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். அத்தான் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் இறக்கினார். ஊரில் ஒத்திக்குப் போன நிலத்தை மீட்பது ஒன்றே அவருடைய எண்ணம். இந்த நாட்டுப் பணம் வெள்ளி; வெள்ளிக்கு நூறு காசு, ஊர்ப் பணத்தில் ஒன்றரை ரூபாய்க்கு மேல். வெள்ளியில் வாங்கும் சம்பளத்தை மனத்துக்குள் ரூபாயாக்கி மகிழ்வார். கடையில் கேட்கும் விலையையும் ரூபாயாக்கி மிரள்வார். முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் உப்பும் போதும் என்பார். நிலம் மீண்டது. சத்தில்லாத அந்தச் சோற்றால் அத்தானுக்குக் கால் வீங்கி, வீக்கம் மார்புவரை ஏறியது. மீட்ட நிலத்தில் கால் வைக்காமலே போய்ச்சேர்ந்தார்.

அதன்பின் அக்காள் ஈப்போவுக்கு வந்து, தனியாய் இருக்கும் ஆண்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தார். ஜெர்மன் சண்டை முடிந்தபின் என்னையும் வரவழைத்து, ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டும் வேலையில் சேர்த்துவிட்டார்.

வந்த அன்று பந்தியில் என் இலையில் முட்டை விழுந்தது.

“முட்டை என்ன வெலைக்கா?” என்றேன்.

“நாலு காசு.”

“நாலு காசா! ஓரணா ஆச்சே! நம்மூர்ல ஓரணாவுக்கு நாலு முட்டை குடுப்பானே!”

எல்லாருடைய தலையும் நிமிர்ந்தது. கோவிந்தசாமி இடது கையால் ஒரு பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினார். மூடியில் துளை போட்டிருந்தது.

“போடு மச்சான் ஒரு காசு. இந்த வீட்டுல ரூபாய், அணா பேசுனா அபராதம்லா.”

“இது என்ன அநியாயம்?”

“வெள்ளியில சம்பாதிக்கிறே, வெள்ளியில சாப்புடு,” என்றார் அக்காள். “ரூபாயில திங்கணும்னா திரும்பிக் கப்பல் ஏறு.”

“நானும் வந்த மாசம் பாதிச் சம்பளத்தை இதுக்குள்ளதான் போட்டனான், தம்பி. பயப்பிடாதையும்,” என்றார் சின்னத்தம்பி. அவர் ஊரிலும் ரூபாய்தானே!

தீபாவளிக்கு அந்த டின்னைத் திறந்து அக்காள் ஆட்டுக்கறி வாங்குவார். “ஒங்க ரூபாயெல்லாம் இப்பதான் வவுத்துக்குள்ள போவுது,” என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறுவார். மாரிமுத்து இரண்டாம் தடவை கறி கேட்டால், “நீ இந்த வருசம் அவ்வளவா பேசலியே!” என்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அபராதத்துக்குப் பயந்து வாயை மூடினேனே தவிர, மனம் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. ரப்பர் விலை விழுந்த வருஷம் கடையில் சம்பளத்தைக் குறைத்தார்கள். தங்கைக்குக் கல்யாணம், பணம் அனுப்பு, வெள்ளி விளையும் தேசத்தில் உனக்கென்ன குறை என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி ஒரு வேளை மட்டும் போதும், பகலுக்குக் கடையிலேயே சோறு தருகிறார்கள் என்று அக்காளிடம் சொன்னேன். கடையில் யாரும் தரவில்லை. மிச்சமான வெள்ளியெல்லாம் மணியார்டராகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கழுவிக்கொண்டு வந்தவனை அக்காள் நிறுத்தினார். கீழே குனிந்து, என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பகல்ல என்னடா சாப்புடறே?”

“கடையில சோறு...”

“பொய் சொல்லாத. இந்தப் பள்ளத்த நான் முன்னாடியே பாத்திருக்கேன்.”

அன்று முதல் காலையும் மாலையும் பச்சைப்பயறு. முட்டை, கீரை, மீன். நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். மருத்துவருக்கும் மற்றச் செலவுக்கும் அவருடைய இரண்டு வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின. ஒரு தடவையாவது ஊருக்குப் போய், அத்தான் மீட்ட நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று கப்பல் செலவுக்கு வைத்திருந்த வளையல்கள்.

“ஊருக்குப் போறதுக்கு வச்சிருந்ததாச்சே, அக்கா?”

“ஊரு எங்கயும் ஓடிப்போயிராது. ஒன் காலு போயிரும். சாப்புடு.”

என் கால் வற்றியது. வளையல்கள் திரும்பவில்லை. அக்காள் ஊருக்குப் போகவும் இல்லை. கேட்டால், “அடுத்த வருசம் பாக்கலாம்லா,” என்பார். போன வருஷம் மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வந்தது. ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. கடைசியாகக் கேட்டதும், “எல்லாரும் சாப்டாச்சா?” என்பதுதான்.

அக்காள் கண்மூடிய அன்று சவப்பெட்டிக்காரர் வந்து பதினைந்து வெள்ளி என்றார். என் பாழும் வாய் சும்மா இருக்கவில்லை.

“பதினஞ்சு வெள்ளியா? ரூபாயில இருபத்துமூணுக்கு மேல ஆவுதே!”

கோவிந்தசாமி எழுந்து, அலமாரியிலிருந்து டின்னை எடுத்து வந்து என் முன்னே நீட்டினார். அவர் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

“போடு மச்சான்.”

முதலில் சின்னத்தம்பிதான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை. மடியில் நோட்டாக இருந்ததே தவிரச் சில்லறை இல்லை. அப்புறம் போடுகிறேன் என்றேன்.

மழையோடு மழையாகத் தைப்பிங்கிலிருந்தும் காம்பாரிலிருந்தும் வந்தவர்களுக்கும், அரிசி மூட்டை அனுப்பிவிட்டு விலை வாங்க மறுத்த தவுக்கேவுக்கும், இரவெல்லாம் செல்லம்மாளைத் தாங்கிக்கொண்ட மலாய்க்கார அம்மாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மூவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பெட்டிக்காரர் கணக்கும் பூக்காரர் கணக்கும் தீர்ந்துவிட்டன. வேறு யாருக்காவது தர வேண்டியிருந்தால் தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

டின் அலமாரியில் அதே இடத்தில் இருக்கிறது. இந்த ஓராண்டில் மடியில் சில்லறை இருந்த நாட்கள் எத்தனையோ. அதன் முன்னே போய் நிற்கிறேன். போட மனம் வரவில்லை. அக்காளுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒரு காசு.