விடிந்தால் படுத்துவிடும் பேட்டரி

எங்கள் கார் சாயங்காலம் ஜம்மென்று வந்து ஷெட்டில் நிற்கும். காலையில் சாவியைத் திருகினால் இருமக்கூடச் செய்யாது. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இருந்த எல்லாருமே அந்தக் காரைத் தள்ளியிருக்கிறார்கள். பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூப்பிடாமலே ஓடிவருவார்கள்.

கார் என் மாமனாருடையது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் சப்ளை செய்துகொண்டிருந்தார். திருவேங்கடம், மேலநீலிதநல்லூர் என்று சுற்றுவட்டார ஊர்களுக்குக் கட்டுக்கட்டாகப் போகும். கிறிஸ்தவ சபையில் மூப்பர் வேறு. சினிமாப் பாட்டு எங்கள் காம்பவுண்டுக்குள் நுழையக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பழைய காரோடு ஒரு ரேடியோவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதால், செய்தி கேட்க மட்டும் என்று அதைப் போனால் போகிறதென்று விட்டுவைத்திருந்தார்.

நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். பாட்டுக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் தினமும் ஆறு மணிக்கு ஷெட்டுக்கு விறகு எடுக்கப் போவேன். நாலு விறகு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவில் இலங்கை வானொலிப் பாட்டை மெதுவாக வைத்துக்கொள்வேன். சாவி போடாமலே அது பாடும். எஞ்சின் ஓடவில்லை, பெட்ரோல் செலவில்லை, இதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்பது என் விஞ்ஞானம்.

மாமாவின் விஞ்ஞானம் வேறு. ராத்திரியில் டிரைவர் திருட்டுத்தனமாகக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். டிரைவர் ஆறு வருஷமாக எங்களிடம் இருந்தவர். நாற்பது வயது, அதிர்ந்து பேசமாட்டார். ஊரில் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருடன் என்று பேர் வாங்கிப் போனால் எவரும் அவரிடம் சாவியைக் கொடுக்கமாட்டார்கள்.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்கய்யா. வண்டில குத்தம் இல்லேன்னா நானே போயிருதேன்" என்றார் டிரைவர்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, இடையில் சின்ன பல்பு ஒன்றைக் கோத்தார். எங்கேயாவது கரண்டு ஒழுகினால் இது எரியும் என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பல்பையே பார்த்தோம். டிரைவருடைய உதடுகள் முணுமுணுத்தன. பல்பு எரியவில்லை.

"வயர்ல ஒரு குத்தமும் இல்லய்யா" என்ற மெக்கானிக், எதற்கோ ரேடியோவைத் திருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "இது பழைய வால்வு செட்டுல்லா! கரண்டக் குடிச்சே தீத்துரும். யாரோ வண்டிய நிப்பாட்டிட்டு உக்காந்து பாட்டுக் கேக்காவ."

மாமா டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏலே, நீதானா?"

டிரைவர் சாவியை எடுத்து நீட்டினார். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

"மாமா, அது நான்தான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். சினிமாப் பாட்டு."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மெக்கானிக் சும்மா இருந்திருக்கலாம். கணக்கு சரியாக வந்தால்தான் தூக்கம் வரும் ஆள் போல.

"ஒரு மணி நேரத்துக்கெல்லாம் படுக்காதுக்கா. காலைலயும் யாரோ போட்டிருக்காவ. விடியக்காலம் இங்கன யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாவ. மாமா மட்டும் தனி ஜெபத்துக்கு வருவாவ" என்றேன்.

சத்தியமாக நான் கள்ளமில்லாமல்தான் சொன்னேன். மெக்கானிக்கும் தலையாட்டி, ஜெபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். மூப்பர் ஒருவர் விடியற்காலையில் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களில் யார் கேட்பார்கள்? மாமா பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் டிரைவரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஜெபம் முடிஞ்சதும் செய்தி கேப்பேன்" என்றார் மாமா.

"செய்தி பத்து நிமிசந்தானேய்யா?" மெக்கானிக் விடவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். "அதுக்கப்பொறம் பாட்டு வரும். ஒடனே அணைக்க மனசு வராது." பிறகு சாவியை டிரைவரின் கையிலேயே வைத்து மூடினார். "உம்மையப் போயி..." என்றார்.

டிரைவர் ரேடியோவைத் திருகும் குமிழைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்ட கெடக்கட்டும்யா. வண்டி ஓடும்போது கேளுங்க."

திங்கட்கிழமை திருவேங்கடத்துக்கு நோட்டு இறக்க மாமா போனார். கட்டு எண்ண ஆள் வேண்டுமே என்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர் குமிழை மாட்டினார்.

"எதய்யா வைக்கட்டும்?"

மாமா ஜன்னல் வழியே பருத்திக்காட்டைப் பார்த்தபடி, "உமக்கு எது புடிக்குமோ அத வையும்வே" என்றார். நான் சீட்டின் நுனிக்கு வந்தேன்.

டிரைவர் செய்தி வைத்தார். அது முடிந்ததும் விவசாய நிகழ்ச்சிக்குத் திருப்பினார். திருவேங்கடம் போய்ச் சேரும்வரை பாட்டு வைக்கச் சொல்லி மாமாவும் நானும் வாயைத் திறக்கவில்லை.