கேமரன் மலையில் மெஷின் பூட்டியவள்

மெஷின் கெட்டுப்போனால் ஏசுவார்கள், நன்றாக ஓடினால் அதற்கும் ஏசுவார்கள். தொழிற்சாலைகளுக்குத் தானியங்கி மெஷின் பூட்டிக் கொடுக்கும் வேலை அப்படிப்பட்டது. உங்களில் யாராவது சர்வீஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். நான் ஈப்போக்காரி. முதலில் பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆராய்ச்சி. பிறகு ஒரு சின்னக் கம்பெனியில் என்ஜினியர். அங்கே எனக்கு ஒதுக்கப்பட்டது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள்.

சரிவில் கவிழ்ந்தது

ஆராய்ச்சிக் காலத்தில் கொழுந்து பறிக்கும் ரோபோ ஒன்று செய்தோம். கேமராவில் பார்த்து, இளங்கொழுந்தை மட்டும் வெட்டும். லேப்பில் பலகையைச் சாய்த்து வைத்து, தொட்டிச் செடிகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தோம். ஒரு கொழுந்தும் தவறவில்லை. பேராசிரியர் எல்லாருக்கும் கை கொடுத்தார்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிஜச் சரிவில் இறக்கினோம். முந்தின நாள் மழை. பத்தடி போவதற்குள் ஒருபக்கமாக வழுக்கி, செடிகளை ஒடித்துக்கொண்டு போய், மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங்கில் கவிழ்ந்தது. நாங்கள் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். மேல் வரிசையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஐந்தாவது ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். மெஷின் மேலே வந்ததும் கையில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்குப் பதிலா வேல செய்ய வந்தது இதுதானா? பாவம், எங்கயாச்சும் அடிபட்டிருக்கான்னு பாருங்க மேடம்."

கமலம் அக்காவின் கண்

கம்பெனியில் சேர்ந்ததும் முதல் வேலை, அதே ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குத் தூள் பிரிக்கும் மெஷின். காய்ந்த தூளில் கிடக்கும் காம்பையும் நாரையும் கேமரா பார்த்து, காற்றடித்துத் தள்ளிவிடும். ஆனால் எது காம்பு, எது சுருண்ட இலை என்று அதற்கு யாராவது சொல்லித் தர வேண்டும். அந்த ஃபேக்டரியில் பெரிய மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்து, கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவர் கமலம் அக்கா. மேனேஜர் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மூன்று நாள். திரையில் ஒவ்வொரு படமாக வரும். அக்கா "காம்பு", "இலை", "இது நாரு" என்பார், நான் அழுத்துவேன். மெஷின் தப்பாகப் பிரித்தால் அவருக்கு மனசு கேட்காது. "இல்ல மேடம், அது நுனி இலைலா, நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்று ஒரு கைப்பிடித் தூளைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார். எனக்குத் தெரிந்த எந்த ஆராய்ச்சியாளரும் இவ்வளவு பொறுமையாகத் தரவு சேகரித்ததில்லை.

அடுத்த மாதம் போனபோது மேசை இல்லை. ஐந்து பேரை வெளி வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கமலம் அக்காவுக்கு முட்டி வலி, சரிவில் ஏற முடியாது. கணக்கு முடித்துக்கொண்டு போக அன்றுதான் வந்திருந்தார். போகும் வழியில் மெஷின் பக்கம் நின்று, தட்டில் விழுந்த தூளை விரலால் கிளறிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "நல்லாத்தான் படிச்சிருக்கு மேடம். நானும் ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். வழக்கமாக வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் பாராட்டியதை அறிக்கையில் எழுதுவோம். அக்கா சொன்னதை நான் எழுதவில்லை.

நனைந்த பெட்டி

தூள் பிரிக்கும் மெஷின் நன்றாக ஓடியதால், அதே ஃபேக்டரி பெட்டி அடுக்கும் ரோபோ கை ஒன்றும் வாங்கியது. சுற்றிலும் கம்பிவேலி, ஒரே ஒரு கதவு. கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். திரும்ப ஓட வைக்க நாலைந்து நிமிடம் ஆகும். அதைப் பார்த்துக்கொள்ள முனியாண்டி அண்ணனைப் போட்டார்கள். அதுவரை பெட்டிகளைத் தோளில் தூக்கி லோரியில் ஏற்றியவர்.

ஈப்போவில் சோதித்தபோது கை ஒரு பெட்டியைக்கூட நழுவவிடவில்லை. மலையில் மூடுபனிக்கு அட்டைப்பெட்டி ஊறிப்போய், பாதியில் நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் முனியாண்டி அண்ணன் கதவைத் திறந்து, எடுத்துவிட்டு, மூடிவிட்டுக் காத்து நிற்பார். வெளியே லோரிகள் வரிசை கட்டின. பெட்டிகளை வைக்க ஈரம் ஏறாத அறை, அதில் ஒரு ஹீட்டர், அவ்வளவுதான் வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "மேடம், லைன் வீட்டுல என் ஆளுங்களுக்கே ஹீட்டர் கெடையாது. பெட்டிக்கு எப்படிப் போட்டுக் குடுப்பேன்?"

ராஃபியா கயிறு

அடுத்த முறை போனபோது லோரி வரிசை இல்லை. சந்தோஷமாக உள்ளே போனேன். கதவு திறந்தே கிடந்தது, ரோபோ கை ஓடிக்கொண்டிருந்தது. கதவு மூடியிருக்கிறதென்று மெஷின் தெரிந்துகொள்வது ஒரு சின்ன இரும்புச் சாவியால்தான். கதவோடு சேர்ந்து போய் சுவிட்சுக்குள் நுழையும். உபரிச் சாவி ஒன்றை சுவிட்சில் செருகி, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "துரை சொன்னாரு மேடம்" என்று மேனேஜர் அறைப் பக்கம் கை காட்டினார் முனியாண்டி அண்ணன்.

கயிற்றை அறுத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜரிடமும் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஈப்போவிலிருந்து என் பொஸ் அழைத்தார். அடுத்த வருடக் காண்ட்ராக்ட் பேசிக்கொண்டிருக்கும் நேரம், சாவி அவர்கள் வாங்கியது, எடுத்துக்கொண்டு வர நமக்கு உரிமை இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன். சர்வீஸ் தாளில் "கதவுச் சாவியை இப்படிக் கட்டக்கூடாது" என்று ஒரு வரி எழுதினேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மனசு கேட்காமல், மலையிறங்கும்போது பொஸ்ஸை மறுபடி அழைத்தேன். "எழுதிட்டீங்கதானே? அப்ப நம்ம மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

கோலா தெர்லாவில் ஓர் அழைப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கோலா தெர்லா பக்கம் காய்கறி லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி அழைத்தார். பேச்சு குழறியது. நழுவிய பெட்டியை எடுக்க முனியாண்டி அண்ணன் உள்ளே குனிந்திருக்கிறார். ரோபோ கை அடுத்த பெட்டியோடு இறங்கி, அவருடைய வலது கையை அடியிலிருந்த மரக்கட்டையோடு சேர்த்து அழுத்திவிட்டது. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்திருக்கிறார்கள். ரோபோ நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே பிரேக் பூட்டிக்கொண்டது. தூக்கத் தெரிந்த ஆள் அங்கே ஒருவரும் இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்கும் இரண்டாம் நாள் பயிற்சியை ஃபேக்டரியில் வேண்டாமென்று வெட்டிவிட்டார்கள். நானும் சரியென்று விட்டிருந்தேன்.

காரை ஓரங்கட்டினேன். "முதல்ல ரோபோ கைக்கு அடியில லோரி ஜாக் வச்சு முட்டுக் குடுங்க. முட்டுக் குடுக்காம பிரேக்க விட்டா, மொத்தப் பாரமும் அவர் மேல எறங்கும்" என்றேன். கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் மூடி, மூடிக்குள் பொத்தான், எத்தனையாவது பொத்தான். கிராணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் செய்தார். கால் மணி நேரம் ஆனது. முனியாண்டி அண்ணன் கத்தியது கேட்டது, பிறகு கேட்கவில்லை. கை விடுபட்டதும் ஃபோனுக்குப் பக்கத்தில் அண்ணன் குரல் வந்தது: "மேடத்துகிட்ட சொல்லுங்க, நான் எதையும் ஒடைக்கல."

கேட்ட கேள்விக்குப் பதில்

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல் போய்விட்டது. மற்ற விரல்கள் மடங்கவில்லை. ஃபேக்டரியில் விசாரணை நடந்தது. சாவியைக் கட்டியது யார் என்று என்னைக் கேட்டார்கள். கட்டும்போது பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. எச்சரித்தீர்களா என்றார்கள். சர்வீஸ் தாளைக் காட்டினேன். அதுவும் உண்மை. நான் கழற்றி எடுத்துத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துரை சொல்லித்தான் கட்டினோம் என்று முனியாண்டி அண்ணன் சொன்னதற்குச் சாட்சி இல்லை. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முடிந்தது. வெளியே வந்ததும் பொஸ் என் தோளைத் தட்டினார்: "நல்லாப் பேசினீங்க. ஒரு வார்த்த கூடல, ஒரு வார்த்த கொறையல."

கார் பார்க்கில்

முனியாண்டி அண்ணனுக்கு அதே தோட்டத்தில், சுற்றுலாக்காரர்கள் தேநீர் குடிக்க வரும் இடத்தில் கார் பார்க் வேலை கொடுத்தார்கள். விபத்து நடந்து ஏழு மாதம் கழித்து, காண்ட்ராக்ட் சர்வீசுக்குப் போனவள் அவரிடம் போய் நின்றேன். கார், வேன் என்று வந்த கெரெத்தாக்களை இடது கையால் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. "சாப்டீங்களா மேடம்?" என்று எப்போதும் போலக் கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன், மழையைப் பற்றிக் கேட்டேன், ஈப்போவிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை மட்டும் விட்டுவிட்டு. கடைசியில், "அண்ணே, அந்தச் சாவிய நான் எடுத்துட்டுப் போயிருக்கணும். நான்தான் திருப்பிக் குடுத்தேன். விசாரணையில சொல்லல" என்றேன். அவர் ஒரு வேனைப் பின்பக்கமாக வரச் சொல்லிக் கை காட்டி, அது நின்ற பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தெரியும் மேடம். என் கையிலதானே குடுத்தீங்க."

காம்புக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசத்தை மெஷினுக்கு மூன்று நாளில் சொல்லிக் கொடுத்தவளுக்கு, ஒரு மனுஷனிடம் ஒரு வாக்கியம் சொல்ல ஏழு மாதம் பிடித்தது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த அனுபவச் சான்றிதழ்.