கம்பெனியின் கைநாட்டு

கடலூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர்களில் வெண்மதி ஒருத்திதான் பெண். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். "சீக்கிரம் முடியணும்னா அந்தம்மாகிட்ட போவாதீங்க" என்று பக்கத்து மேசைக்காரர்கள் ஆளைக் கலைப்பார்கள்.

தாமதக்காரி என்ற அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், 2004இல், ஒரு கம்பெனிப் பத்திரத்தில் இருந்த ஊதா நிற வட்ட ரப்பர் ஸ்டாம்பைக் கம்பெனி முத்திரை என்று நம்பிவிட்டாள். அந்த வாசலே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. பத்திரம் கோர்ட்டில் நிற்கவில்லை. அதன்மூலம் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த, ஆண்டி என்பவரின் வீட்டுக்குப் போகிற வழி அடைபட்டது. அதிலிருந்து வெண்மதி எந்தப் பத்திரத்தையும் மூன்று முறை சரிபார்க்காமல் விடுவதில்லை.

2006இல் அமிர்தம் வந்தாள். முந்திரி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கொட்டை உடைத்தவள். அவள் குடியிருந்த வீடு கம்பெனி மனையில் இருந்தது. முதலாளி சுப்பராயலு அதை அவளுக்கே தானமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மேனேஜர் கலியமூர்த்தி பத்திரத்தை நீட்டினார். அதே ஊதா வட்டம்.

"இது ஆவாது சார்."

"ஏம்மா, மொதலாளி கையெழுத்து இருக்குது, ரவுண்டு சீலும் இருக்குது. இன்னும் என்னா வேணும்?"

"கையெழுத்து மொதலாளியோடது. எடம் கம்பெனியோடது. ரெண்டு டைரக்டர் முன்னால இரும்பு சீல் அழுத்தி, அவுங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாதான் பத்திரம்னு ஒங்க கம்பெனி விதியிலயே இருக்குது. கம்பெனிக்கு ஏது கட்டைவிரலு? அதான் அதோட கைநாட்டு."

அந்த சீலை அழுத்துகிற இரும்பு மிஷின் கம்பெனி பீரோவில் துருவேறிக் கிடந்தது. சுப்பராயலுவோ சிதம்பரத்து வீட்டில் படுத்த படுக்கை. மேனேஜர் இழுத்தடிக்கப் பார்த்தார். வெண்மதி விடவில்லை, அவரையும் கூட்டிக்கொண்டு, மிஷினை மடியில் வைத்தபடி சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாம்மா, கரும்பு புழியிற மிஷினா?" என்றார் கண்டக்டர்.

சுப்பராயலுவும் டைரக்டரான அவர் மகன் செந்தமிழ்செல்வனும் பார்த்திருக்க, எண்ணெய் விட்டு அழுத்தியதில் எழுத்துகள் காகிதத்தில் புடைத்து எழுந்தன. இருவரும் கையெழுத்திட்டார்கள். பதிவு முடிந்தது.

2011இல் கம்பெனி கைமாறியது. சுப்பராயலு அதற்குள் காலமாகியிருந்தார். புது ஆட்கள் அமிர்தத்தை வீட்டை விட்டுப் போகச் சொல்லி வழக்குப் போட்டார்கள். கடலூர் கோர்ட்டில் அவர்கள் வக்கீல் முழங்கினார்: பழைய முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த காகிதம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

சாட்சி சொல்லிவிட்டு வெண்மதி ஓரமாக நின்றாள். நீதிபதி பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முத்திரை, இரண்டு கையெழுத்து, கம்பெனி விதி என மூன்றையும் ஒப்பிட்டார். இது கம்பெனியே எழுதிக் கொடுத்த பத்திரம், வீடு அமிர்தத்துக்குத்தான் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. புது முதலாளிகளின் வக்கீல் கேஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வெண்மதிக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், "எந்த எடத்துல அந்த சீலு?" என்று கேட்டாள் அமிர்தம். வெண்மதி அவள் விரலைப் பிடித்து முத்திரைமேல் வைத்தாள். முந்திரிக்கொட்டைத் தோட்டில் கசிகிற காரமான எண்ணெயில் வருஷக்கணக்காக வெந்து ரேகை அழிந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமிர்தம் பத்திரத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இருக்குதும்மா," என்றாள். "முண்டு முண்டா இருக்குது."