வளையல் ஏறாத கை

கம்பத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, வயல் கூலிக்குப் போகும் பேச்சியின் வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வளையல்காரர் சோப்பு நுரை தடவி அழுத்தியும் கண்ணாடி வளையல் ஏறவில்லை.

“கை எம்புட்டுப் பூரிச்சிருக்கு! ஆம்பளப் புள்ளதான்” என்று மாமியார் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சியின் முகமும் வீங்கியிருந்தது.

“தலை வலிக்குதா?”

“ஆமா நர்சம்மா, கண்ணுகூட மங்கலாத் தெரியுது.”

அவளுடைய சிறுநீரை ஒரு சீசாவில் வாங்கிக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன். அதைக் காய்ச்சும்போது பால்போலத் திரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று அர்த்தம்.

“ஆள் நேரில் வந்து பேர் பதியாமல் சோதனை கிடையாதும்மா. விதி அப்படி” என்று சீசாவைத் திருப்பித் தந்துவிட்டார்.

திரும்ப ஓடிப்போய்ப் பேச்சியைக் கூப்பிட்டேன்.

“நடவு நடக்குது நர்சம்மா. இப்ப நின்னுட்டா அறுப்புக்குக் கூப்பிட மாட்டாக. முடிஞ்சதும் வாரேன்” என்றாள்.

வந்தாள், மாட்டுவண்டியில், வலிப்போடு. பேர் பதிந்த பிறகு சிறுநீரைக் காய்ச்சினார்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கட்டியாகத் திரிந்தது. டாக்டர் அதை எழுதி முடிப்பதற்குள் பேச்சி போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். பதிலே வரவில்லை.

இன்றும் வளைகாப்புக்கு அழைத்தால் போகிறேன். வளையல்காரர் சோப்பைத் தேடும்போதே பெண்ணின் முகமும் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். “ஆஸ்பத்திரிக்கு வா தாயி” என்று கெஞ்சுகிறேன்.

நடவு முடியட்டும் என்கிறார்கள்.