இடப்பக்கத்துச் சக்கரம்

அன்று ஜீப்பைச் சுற்றி நின்றவர்கள் அப்பா, தங்கச்சி, நான். ஜீப்பின் சொந்தக்காரரான மாமா அங்கே இல்லை; கல்ஃபில் வேலையில் இருந்தார். அவர் போனபிறகு அந்தப் பழைய வண்டி எங்கள் முற்றத்தில்தான் கிடந்தது. ரப்பர் ஷீட் கொண்டுபோக மட்டும் நான் எடுப்பேன். அம்மாவும் இல்லை. கூட வருகிறேன் என்று சேலை மாற்றி நின்றவளை, "நீ வந்தா பசுவை யாரு பாக்கும்?" என்று அப்பா நிறுத்திவிட்டார்.

தங்கச்சிக்குத் திருவனந்தபுரத்தில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. மெரிட் சீட். பதினொரு மணிக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளறடையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் மின்னல் பணிமுடக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தம் என்றார்கள். எங்கோ ஒரு டிரைவரை யாரோ அடித்துவிட்டார்களாம், ஒரு பஸ்கூட ஓடாது. ஆட்டோக்கள் நிறைந்து பறந்தன. நான் வீட்டுக்கு ஓடி ஜீப்பை எடுத்து வந்தேன்.

பாறசாலைக்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்கத்து இடது சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்தது.

அப்போது நான் பயப்படவில்லை. பின்பக்கத்து வலது சக்கரத்தை முன்பு ஒருமுறை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். ஸ்பானரைப் பொருத்தி, அன்று செய்தது போலவே இடப்புறமாகத் திருப்பினேன். நட்டு அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. அப்பா ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தார்.

"துரு புடிச்சிருக்காக்கும்," என்றார்.

எதிரே சாயாக்கடை வைத்திருந்தவர் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து நட்டுகளின் மேல் ஊற்றினார். "பப்படம் பொரிக்கதும் இதுதான், நட்டு எளக்கதும் இதுதான். பேடிக்காத மக்கா, இப்ப வரும்."

வரவில்லை. தங்கச்சி கல்லூரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

கடைக்காரரிடம் இரும்புக் குழாய் உண்டா என்று கேட்டேன். கொல்லையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். அதை ஸ்பானரின் கைப்பிடியில் செருகினேன்.

"இதெதுக்குலே?" என்றார் அப்பா.

"அப்பா, கதவைக் கீலுப் பக்கத்துல தள்ளுனா அசையாது. ஓரத்துல தள்ளுனா ஒரு விரலு போதும். அதே பெலந்தான், தூரம் கூடுனா சுத்துற சக்தி கூடும்."

"அப்ப இம்புட்டு நாளும் காலேஜில கதவு தெறக்கவா படிச்சே?" என்றார். கடைக்காரர் சிரித்தார். தங்கச்சிகூடச் சிரித்துவிட்டாள். அப்பா பள்ளிக்கூடத்துக்குள் போனதே எனக்குக் கையெழுத்துப் போடத்தான். ஆனால் நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. குழாயின் கடைசி நுனியைப் பிடித்து, இருவரும் சேர்ந்து உடம்பு முழுவதையும் தொங்கவிட்டோம்.

நட்டு சுழன்றது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். "வருது, வருது!" என்று தங்கச்சி கத்தினாள். பிறகு படாரென்று ஒரு சத்தம். குழாயோடு இரண்டு பேரும் சாலையில் கிடந்தோம்.

நட்டு கழன்றிருக்கவில்லை. அது ஏறியிருந்த ஸ்டட், அந்த மரை வெட்டிய கம்பியே முறிந்து, நட்டோடு சேர்ந்து என் காலருகே உருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மரையின் கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறின. வண்டி முன்னால் ஓடும்போது இடப்பக்கத்து நட்டுகள் தானாகத் தளரக்கூடாது என்று, அந்தக் காலத்து ஜீப்புகளில் அந்தப் பக்கம் மட்டும் மரையைத் திருப்பி வெட்டியிருப்பார்கள். அவ்வளவு நேரமும் நாங்கள் கழற்றவில்லை, முறுக்கியிருக்கிறோம். தூரத்தைக் கூட்டிக் கூட்டி முறுக்கியிருக்கிறோம்.

"எதிர்ப்பக்கம்!" என்று கத்தினேன். குழாயை மறுபுறம் போட்டு அழுத்தியதும் மிச்ச நட்டுகள் முனகிக்கொண்டே இளகின. நாங்களே இறுக்கியதை அவிழ்க்கத்தான் நேரம் பிடித்தது. ஸ்டெப்னியை மாட்டி, ஒரு நட்டு குறைந்த சக்கரத்தோடு கிளம்பினோம். அமரவிளையில் லாரிகள் வரிசையாக நின்றன. தங்கச்சி சர்டிபிகேட் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டும்போதே பதினொன்று ஆகிவிட்டது.

கல்லூரி ஆபீசில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒந்நு விளிச்சூடாயிருந்நோ மோளே?" என்று கேட்டார். ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்கிறார்; அவ்வளவு நேரமும் மணி அடித்து அடித்து நின்றது அந்த ஆபீஸ் போன்தான். தங்கச்சியின் சீட் கிடைத்த அடுத்த பெண் தன் அப்பாவோடு வெளியே படியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கோபப்பட எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

அப்பா என்னிடம் சொன்னார், "வேற எடம் உண்டா, கேளு." அடுத்த வாரமே தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்தோம். அம்மாவின் வளை போயிற்று, ரப்பர் நின்ற பத்து சென்ட் போயிற்று. மெரிட் சீட்டுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிட, நான்கு வருடத்துக்கும் சேர்த்து நாங்கள் கூடுதலாகக் கட்டியது மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.