புது மணியும் பழைய மணியும்

போன வாரம் லீவுக்கு ஊருக்குப் போனேன். பத்து மணிப் பாசஞ்சரில் வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தேன். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெற்றிலையெல்லாம் போட்டுத் தீர்த்தாயிற்று.

"எப்பம்மா வந்தே?"

"ஒம்போதுக்கே வந்துட்டேன்."

"பத்து மணின்னு எழுதியிருந்தேனே!"

"எழுதியிருந்தே. எந்த மணின்னு எழுதலியே."

காலேஜில் படிக்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. "அம்மா, சண்டை முடிஞ்சுது, வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான், இப்ப நாட்டுக்கே ஒரே மணிதான்" என்று பிரசங்கம் பண்ண வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

உங்களுக்கு இது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சண்டைக் காலத்தில் சர்க்கார் ஒரு நாள் திடீரென்று, எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வையுங்கள் என்றது. நேற்று வரை எட்டு என்று சொன்னதை இன்றிலிருந்து ஒன்பது என்று சொல்ல வேண்டும். வெளிச்சம் மிச்சமாம், சண்டைக்கு நல்லதாம். ரயிலும் ஆபீசும் பள்ளிக்கூடமும் உடனே புது மணிக்குப் போய்விட்டன. ஊரில் பாதிப் பேர் பழைய மணியிலேயே நின்றுவிட்டார்கள். சந்தைக்குப் போனால், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், யார் மணி சொன்னாலும் மறு கேள்வி ஒன்று உண்டு: "புது மணியா, பழைய மணியா?"

எங்கள் வீட்டில் இரண்டும் ஓடின. அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஆர்டர் வந்த அன்றே டைம்பீஸைத் திருகி வைத்துவிட்டு, என்னவோ தானே சண்டையை ஜெயித்துவிட்டது போல மீசையைத் தடவிக்கொண்டார். அம்மாவுக்குக் கடிகாரம் கிடையாது. கொல்லைச் சுவரில் நிழல் விழுகிற இடம்தான் அவள் கடிகாரம். உடையார்பாளையம் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பத்தில் பிறந்தவள் அவள்.

"ஏங்க, சூரியனுக்கும் ஆர்டர் அனுப்பிட்டாங்களா?"

"ஒனக்கு ஒண்ணும் புரியாது. நாளையிலேருந்து ஒரு மணி முன்னாடியே சோறு வடிச்சிடு, அவ்வளவுதான்."

"நான் வடிச்சிடுவேன். எருமைக்கு யாரு போயி சொல்றது?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்த 'அவ்வளவுதான்' முழுக்க அம்மா தலையில்தான் விழுந்தது. அப்பாவுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற தம்பிகளுக்கும் புது மணிக்குச் சோறு. எருமைக்கும், தண்ணீர்க்காரிக்கும், இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தைக்கும் பழைய மணி. இரண்டு மணிக்கும் நடுவே ஓடினவள் அவள் ஒருத்திதான். அப்பா எது சொன்னாலும் புது மணியில்தான் சொல்வார். அம்மா மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டு சுவர் நிழலைப் பார்ப்பாள். "பத்துன்னா ஒம்போது, ஒண்ணுன்னா பன்னெண்டு" என்று துவையல் அரைத்துக்கொண்டே முணுமுணுப்பாள். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஓட்டத்திலும் அவளுக்குக் குஷி இருந்தது. ரேஷன் அரிசியில் அரிசியைவிடக் கல்தான் ஜாஸ்தி. முறத்தைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, யார் பெரிய கல் எடுக்கிறார்களோ அவர்களுக்கு முதல் உருண்டை என்பாள். சட்டியின் கடைசிச் சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து எங்கள் கையில் உருட்டி வைப்பாள். அவளுக்கு என்ன மிஞ்சியது என்று எங்களில் எந்தத் தடியனும் தடிச்சியும் கேட்டதில்லை.

அம்மாவுடைய மூத்த பிள்ளை நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது மாமா. அம்மாவின் தம்பி. அவர்களைப் பெற்றவள் சின்ன வயசிலேயே போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். கல்யாணமாகி வந்தபோதும் கூடவே கூட்டி வந்துவிட்டாள். மாமாவுக்குப் புளிச்சோறு என்றால் உயிர். எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவி, வாழை இலையில் சூட்டோடு கட்டி வைத்து, இலை வாசனை ஏறின பிறகுதான் தொடுவார். ஹாஸ்டலில் சனிக்கிழமை தோறும் புளியோதரை என்று ஒரு பிசுக்கைப் போடுகிறார்கள். எள் வாசனை அடித்தாலே எனக்கு மாமாவின் விரல்கள் ஞாபகம் வந்துவிடும்.

அந்த மாமா ஒரு நாள் பெரம்பலூர் சந்தைக்குப் போனவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கூடாரத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கையிலிருந்த கரண்டியோடு கத்தினாள்.

"நான் ஒன்ன ஆளாக்குனது எவனோ சுடறதுக்காடா? போ! இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத!"

அவரும் ரோஷக்காரர். போய்விட்டார். ஒரு கடுதாசி கிடையாது, சேதி கிடையாது.  ஆனால் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும்.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பா சேதியோடு வந்தார். லப்பைக்குடிக்காட்டு ஜவுளி வியாபாரி ஒருவர், எங்களுக்கெல்லாம் அவர் பாய்தான், திருச்சி ஸ்டேஷனில் மாமாவைப் பார்த்திருக்கிறார். அவர் அப்பாவின் ஆபீசுக்கே வந்து சொல்லியிருக்கிறார். மாமாவின் பட்டாளம் மறுநாள் ஸ்பெஷல் வண்டியில் மெட்ராஸ் போகிறது. அங்கிருந்து பர்மாப் பக்கம். வண்டி அரியலூரில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கொஞ்சம் நிற்கும்.

"பாய்கிட்ட ஒம் தம்பி என்ன சொல்லிவிட்டிருக்கான் தெரியுமா? 'அக்கா வூட்டுப் படி ஏறக் கூடாதுன்னுடுச்சு, அக்காவை ஸ்டேஷன் படி ஏறச் சொல்லுங்க'ன்னு."

அம்மா சிரித்தாள், உடனே அழுதாள். "கொழுப்பப் பாரு அவனுக்கு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எத்தன மணிக்குங்க?"

"பதினொண்ணுக்கு" என்றார் அப்பா.

அம்மா முணுமுணுத்தாள்: "பதினொண்ணுன்னா பத்து."

விடிந்ததும் புளி கரைத்தாள். குழந்தைக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்லரிசியை வடித்தாள். எள் வாசனை தெரு முனை வரை போயிற்று. தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கு அன்று பள்ளிக்கூடம் கிடையாது, குழந்தையைத் தூக்க ஆள் வேண்டுமே. எல்லா வேலையும் முடித்து, சுவர் நிழலைப் பார்த்து, இலைப் பொட்டலத்தை வெள்ளைத் துண்டில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தலையில் கனகாம்பரம் வேறு. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் "மணி என்னன்னு பாரு பாப்பா" என்றாள்.

"சரியா பதினொண்ணும்மா."

"பாத்தியா ஒங்கம்மா கணக்க!"

வண்டி இல்லை. பதினொன்றே கால் ஆயிற்று, இல்லை. குழந்தை வீறிட்டது. போர்ட்டரிடம் கேட்டாள்.

"மிலிட்டரி வண்டி சமாச்சாரம் நாங்க சொல்லக் கூடாதுங்கம்மா. என் வேல போயிடும்."

"ஒரே ஒரு வார்த்த. இனிமே வருமா, போயிடுச்சா?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ விற்றுக்கொண்டிருந்த ஆள் மட்டும், "காலையில ஒரு மிலிட்டரி வண்டி நிக்காமப் போச்சு தாயி. அதுவாத்தான் இருக்கும்" என்றார்.

அம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்மா" என்றேன். அவளும் பார்த்தாள். பன்னிரண்டாகக் கால் மணி இருந்தது. பன்னிரண்டரைக்கு அப்பா சாப்பிட வருவார். இலை போட்டிருக்காவிட்டால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார். இருந்த நல்லரிசியெல்லாம் பொட்டலத்தில். வீட்டில் உலைகூட வைக்கவில்லை.

"வா பாப்பா. அவன் போயிட்டான். ஒங்கப்பா வந்துடுவாரு."

பொட்டலத்தைப் போர்ட்டரிடம் கொடுக்கவும் மனசில்லை அவளுக்கு. மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து அதை உறியில் வைத்தாள். அடுப்பில் ஈர விறகைச் செருகி ஊதினாள். புகை கிளம்பிற்று. அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து விசில் கேட்டது.

ஊதுகுழல் அப்படியே கையில் நின்றது. என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி உறியிலிருந்து பொட்டலத்தை இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் குழந்தையோடு பின்னால் ஓடினேன். ஸ்டேஷனுக்குப் பாதி வழியில் ரயில்வே கேட். நாங்கள் போய்ச் சேரும்போது கேட் சாத்தியிருந்தது. தண்ணீர் பிடித்து முடித்த வண்டி எங்களைத் தாண்டிப் போகத் தொடங்கியிருந்தது.

ஜன்னல் ஜன்னலாகக் காக்கிச் சட்டை. எல்லாரும் ஒட்ட வெட்டின தலை, எல்லாரும் கையாட்டுகிறார்கள், எல்லாரும் மாமா மாதிரி இருக்கிறார்கள். நான் "மாமா! மாமா!" என்று கத்தினேன், பட்டாளமே சிரித்தது. அம்மா கத்தவில்லை, கையாட்டவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெட்டி போய்ப் புகை கலைகிற வரைக்கும் இறக்கவில்லை. மாமா பார்த்தாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, தம்பியப் பாத்தியா? நல்லா பேசினானா?"

"பதினொண்ணுன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா.

"ஆமா. பாய் சொன்னது பன்னெண்டு. நீதான் தெனம் கழிச்சுக் கழிச்சுக் கஷ்டப்படறியேன்னு, ஒனக்குச் சுலபமா இருக்கட்டும்னு நானே ஒரு மணி கழிச்சுப் பதினொண்ணுன்னு சொன்னேன்."

 அம்மா குரலில் கோபம்கூட இல்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்காக நீங்க ஒண்ணும் செஞ்சதில்ல. இன்னிக்கு மட்டும் ஏங்க செஞ்சீங்க?"

அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று கழித்திருக்கிறாள் என்று அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது.  பிறகு, நிஜமாகச் சொல்கிறேன், டைம்பீஸைப் பார்த்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே! உலை இன்னும் கொதிக்கவில்லை. அம்மா இலையைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள், வெள்ளைத் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். இலையில் பக்குவமாக ஊறி எள் மணக்க மணக்க இருந்த அந்தப் புளிச்சோற்றை அப்பாவுக்குப் போட்டாள்.

அவர் சாப்பிட்டார். பாதியில் வாய் தவறி, "நல்லா இருக்கு" என்று வேறு சொல்லிவிட்டார்.

மாமா திரும்பி வரவில்லை. காட்டுக் காய்ச்சலில் போய்விட்டாராம். சேதி வந்தபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறம் முழுவதையும் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சண்டை முடிந்ததும் சர்க்கார் கடிகாரத்தைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டது. ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்குக் கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது சந்தையிலும் 'எந்த மணி' என்று கேட்பாரில்லை. எருமையை விற்றாயிற்று. கொல்லைச் சுவர் மழையில் விழுந்து, அந்த இடத்தில் முள்வேலி. அம்மாவை நம்பவைக்கத்தான் ஆள் இல்லை.

இந்த லீவில் ஒரு நாள் அப்பா இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, பேச்சுவாக்கில், "புளிச்சோறு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு இல்ல?" என்றார். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எள் வறுத்ததே இல்லை. அது அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது போலிருக்கிறது.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"செஞ்சுட்டாப் போச்சு. எத்தன மணிக்கு வேணும்னு சொல்லுங்க. புது மணிக்கா, பழைய மணிக்கா?"

அப்பா தலை குனிந்து சோற்றைப் பிசைந்தார். பிறகு கேட்கவே இல்லை.